பெரிய கல் பாலத்துச் சம்பந்தம்

லண்டனில் பத்து நாள் இருந்தேன். அதில் முதல் நான்கு நாளும் சீனாவில் இருக்கிற ஒரு பாலத்தைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. அரண்மனை பார்த்தாயா, அருங்காட்சியகம் பார்த்தாயா என்று திருச்சியில் கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால், வயதாகிவிட்டது பாவம் என்பது போல என்னைப் பார்க்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அழைத்தவள் சிவமலர். பொறியியல் கல்லூரியில் நானும் அவளும் நான்கு வருடம் ஒரே விடுதி அறை. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள், படிப்பு முடிந்ததும் கல்யாணமாகி லண்டனில் நோர்பரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கணவர் சபேசன் சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் தவறிவிட்டார். ஒரே மகள் தாரணி. தன்னோடு மருத்துவமனையில் வேலை செய்யும் வெய் என்ற சீனப் பையனை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தகவல் வந்தது. அடுத்த வாரமே மலர் போன் செய்தாள்.

"நீ வாறியோ?"

"கல்யாணத்துக்குத்தானே? வர்றேன்."

"கலியாணம் நடக்கவேணும் எண்டா வா."

விஷயம் இதுதான். அப்பா இல்லாத பெண்ணுக்கு மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் சபேசனின் அண்ணன் பரமண்ணை. சின்ன வயதில் தாரணியை நீச்சல் வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர். இப்போது, "ஊர் தெரியாத ஆக்களுக்குப் பிள்ளையைக் குடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா வராவிட்டால் கோயில் கல்யாணமே வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தாரணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். முகூர்த்தம் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை.

"இதுல நான் வந்து என்ன செய்ய?"

"நீ அவன்ர ஊருக்குப் போயிருக்கிறாய்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெய்யின் சொந்த ஊர் சீனாவில் ஜாவ் என்ற வட்டாரம். அங்கே ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு கல் பாலம் நிற்கிறது. ஓய்வு பெற்ற மறுவருடம் பொறியாளர் குழு ஒன்றோடு சீனா போனபோது அதைப் பார்த்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றேன். மிச்ச இருபது நிமிட அனுபவத்தின் பேரில் நான் அந்த ஊருக்குச் சாட்சியாக லண்டனுக்குக் கூப்பிடப்பட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்துமூன்று வருடம் அரசு வேலையில் நான் கட்டியதெல்லாம் வாய்க்கால் மேல் சிறு மதகுகள். நான் கட்டியதில் பெரியதின் மேல் ஒரு பேருந்து நின்றால் அதன் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டு கரையிலும் இருக்கும். மலர் மட்டும் லண்டன் முழுக்க என்னைப் பாலம் கட்டுகிறவள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை போய் இறங்கினேன். நோர்பரியில் மலர் வீட்டுக்குப் போகிற வழியில் கடைப் பலகைகளைத் தமிழில் படித்துக்கொண்டே போனதால், விமானம் ஏதோ தப்பான ஊரில் இறக்கிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். வீட்டில் இடியப்பமும் சொதியும் தயாராக இருந்தன. திருச்சியில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வைத்துக் குழந்தை மாதிரி சாப்பிடுகிற எனக்கு, மஞ்சள் நிறத்தில் புளிப்பும் காரமுமாக அந்தச் சொதி முதலில் சண்டைக்கு வந்தது. நான்காவது இடியப்பத்தில் சமாதானமாகிவிட்டோம்.

சாப்பிடும்போதே விசாரணையைத் தொடங்கினேன். "பரமண்ணைக்கு எப்பச் சொன்னீங்க?"

மலர் சொதியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "எல்லாம் சரிவந்த பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சம்."

"எல்லாம்னா?"

"மண்டபம், ஐயர், சாப்பாடு, வீடியோ."

"வீடியோக்காரருக்குத் தெரிஞ்ச பிறகுதான் பெரியப்பாவுக்குத் தெரிஞ்சுதா?"

"ரெண்டு கிழமைக்குப் பிறகு" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. கிழமை என்றால் இவர்களுக்கு வாரம். ஆயிரத்து நானூறு வருடப் பாலத்தை வைத்து இதைச் சரிசெய்ய முடியுமா என்று எனக்கு அன்றிரவே சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் தூக்கத்தில் போயிற்று. சனிக்கிழமை வெய் என்னைத் தேம்ஸ் நதிக்கு அழைத்துப்போனான். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற பையன். மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்கு நடை பழக்குகிற வேலை. மலர் வீட்டார் அவனை 'வெய்யில் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். லண்டனில் அபூர்வமாக வருவது என்பதால் பெயர் பொருத்தம்தான் என்றாள் தாரணி. அவனுக்கு இரண்டு தமிழ்ச் சொல் தெரியும். ஒன்று 'ஓம்', அதாவது ஆமாம். இன்னொன்று 'காணும்'. எங்கள் பக்கத்தில் 'போதும்' என்பதை இவர்கள் 'காணும்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் பரிமாறுகிறவர்களிடமிருந்து உயிர் தப்ப அந்த ஒரு சொல் வேண்டும் என்று தாரணி முதல் நாளே கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

லண்டன் பிரிட்ஜ் என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டதைப் பார்த்தேன். சாதாரண கான்கிரீட் பாலம். எங்கள் துறையிலேயே யாரோ வரைபடம் போட்டுக் கையெழுத்து வைத்தது போல இருந்தது. எல்லோரும் படம் எடுப்பது கொஞ்சம் தள்ளி, இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிற வேறொரு பாலத்தை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வெய்யிடம் அவன் ஊர்ப் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். நாளைக்குப் பரமண்ணையிடம் பேச நாலு விஷயம் கிடைக்குமே என்ற ஆசை. அவன் யோசித்துச் சொன்னான்: "பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் அங்கேதான் கூட்டிப்போவார்கள். குச்சி ஐஸ் நன்றாக இருக்கும்."

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. திருச்சியில் பிறந்து வளர்ந்து மலைக்கோட்டையில் இரண்டே முறை ஏறியவள் நான். அதுவும் விருந்தாளிகளுக்காக.

ஆனால் ஒரு கதை சொன்னான். பாலத்தைக் கட்டி முடித்த ஆசாரிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். கழுதையில் வந்த ஒரு கிழவர், "நான் ஏறினால் தாங்குமா?" என்று கேட்க, ஆசாரி சிரித்திருக்கிறார். கிழவரோ தெய்வ அம்சம். பைக்குள் சூரியனையும் சந்திரனையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கழுதை நடுப்பாலத்துக்கு வந்ததும் பாலம் ஆட, ஆசாரி ஆற்றில் குதித்து அடியிலிருந்து கையால் தாங்கிப் பிடித்தாராம். கல்லில் கழுதையின் குளம்படியும் கீழே ஆசாரியின் கைத்தடமும் இன்றைக்கும் உண்டாம்.

"நீ பார்த்திருக்கிறாயா?"

"எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் காட்டுவார்கள்" என்றான். சுமைச் சோதனை என்று நாங்கள் மணல் மூட்டைதான் அடுக்குவோம். இவர்கள் சூரியனையே ஏற்றியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரமண்ணை வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் இருப்பது அப்டன் பார்க்கில், லண்டனின் மறுகோடி. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரில் தண்டவாளங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும் போலிருக்கிறது. பாதி வழியில் ரயில் கிடையாது, பதிலுக்கு பஸ் என்று இறக்கிவிட்டார்கள். நானும் மலரும் தாரணியும் வெய்யும், மலர் செய்த பயத்தம் பணியார டப்பாவும் பஸ்ஸில் ஏறினோம். ஓட்டுநர் வழக்கமான ஆள் இல்லை. ஒரே பெட்ரோல் பங்கை இரண்டு முறை கடந்தோம். முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பக்கத்துப் பெண்மணியிடம், "இந்தப் பக்கம் நான் வந்தே இல்லை, அழகான வீடுகள்" என்றாள். அவ்வளவுதான் எதிர்ப்பு. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்று ஆளுக்கொரு வழி சொல்லியிருப்பார்கள், பஸ்ஸும் நேரத்துக்குப் போயிருக்கும்.

பரமண்ணை கதவைத் திறந்தார். எழுபதை நெருங்குகிற வயது, அகலமான தோள். பாரிஸில் பத்து வருடம், லண்டனில் இருபது வருடம் கட்டட வேலை செய்த கைகள். மேலே கம்பளிச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. "வாங்கோ" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு தடவை சொன்னார். வெய் கும்பிட்டான். அவர் தலையை அசைத்துவிட்டு டிவியில் ஓடிய கிரிக்கெட்டைப் பார்த்தார். தாரணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நகரவுமில்லை, திரும்பவுமில்லை.

அவர் மனைவி ராணி அக்கா மட்டும் எங்கள் வருகையை மனதாரக் கொண்டாடினார். மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், கரட் சம்பல். வெய் மூன்று முறை 'காணும்' சொன்னான், மூன்று முறையும் சோறு விழுந்தது. சாப்பாடு முடிந்ததும் மலர் என் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.

நான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த பாலத்தின் படங்களைப் பரப்பினேன். "அண்ணா, மாப்பிள்ளை ஊர் எதுன்னு கேட்டீங்களாம். அந்த ஊருக்கு அடையாளமே இந்தப் பாலம்தான். 'பத்திரமாகக் கடக்க'ங்கிற மாதிரி ஒரு பேர் வச்சிருக்காங்க. ஊர்க்காரங்க 'பெரிய கல் பாலம்'னுதான் சொல்றாங்க."

அவர் கிரிக்கெட்டின் சத்தத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை.

"ஆத்துல நடுவுல தூண் கிடையாது. ஒரே வளைவு, நூத்திருபது அடிக்கு மேல. அரை வட்டமா வளைச்சிருந்தா பாலம் மலை மாதிரி உசந்து போயிருக்கும், வண்டி ஏறாது. அதனால கட்டினவர் வட்டத்துல ஒரு கீத்து மட்டும் எடுத்துத் தட்டையா வளைச்சிருக்கார். அப்ப யாரும் இந்த மாதிரி செஞ்சதில்ல."

"சீமெந்து இல்லாத காலமல்லோ" என்றார், யாரிடமோ பேசுவது போல.

மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது என்று எனக்கு உற்சாகம் வந்தது. நேரே கட்டுமானத்துக்குள் இறங்கினேன். "முதல்ல ஆத்துக்குள்ள சாரம் கட்டணும் அண்ணா. சாரம் இல்லாம வேலையே நடக்காது."

ராணி அக்கா புருவத்தைத் தூக்கினார். நான் கவனிக்கவில்லை.

"இந்தப் பாலத்துல ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கு. அகலமா ஒரே வளைவாக் கட்டல. ஒல்லி ஒல்லியா இருபத்தெட்டு வளைவை ஒட்டி ஒட்டி வச்சிருக்காங்க. ஏன்னா, இருபத்தெட்டுக்கும் சேத்து ஒரே சாரம் போதும். ஒண்ணு முடிஞ்சதும் அதே சாரத்த நகத்தி அடுத்ததுக்குக் கட்டியிருப்பாங்கன்னு சொல்றாங்க."

"ஒரே சாறத்தையோ?" என்றார் ராணி அக்கா. "தோய்க்காமலோ?"

எனக்குப் புரியவில்லை. வயதானவர், காது சரியில்லை என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். "எல்லாத்தையும் விட முக்கியம் சாரத்த அவுக்கிற நேரம். ஊரே கூடி நிக்கும். சாரத்த உருவினாத்தான் நிக்குமா விழுமான்னு தெரியும்."

மலர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ராணி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பரமண்ணை என்னைப் பார்த்தார், தன் லுங்கியைப் பார்த்தார், பிறகு இடுப்பு முடிச்சை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, எங்கட ஆக்களுக்குச் சாறம் எண்டா இதுதான்."

எங்கள் பக்கத்தில் கொத்தனார் நின்று வேலை செய்யக் கம்பும் கயிறுமாகக் கட்டுவது சாரம். அவர்களுக்கு லுங்கி சாறம். எழுதினால் ஓர் எழுத்து வித்தியாசம், காதுக்கு அதுவும் கிடையாது. ஊரே கூடி நிற்க, ஒரே லுங்கியை இருபத்தெட்டுப் பேர் துவைக்காமல் மாற்றிக் கட்டி, கடைசியில் அவிழ்த்துக் காட்டிய சீனத்து வரலாற்றை நான் அத்தனை பக்தியோடு சொல்லியிருக்கிறேன். பரமண்ணை சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தாரணி வெய்க்கு மொழிபெயர்க்க, அவனும் ஒரு நிமிடம் தாமதமாகச் சேர்ந்துகொண்டான். நான் மட்டும் ஓய்வுபெற்ற பொறியாளர் என்ற கௌரவத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு டிவி அணைந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இருபத்தெட்டும் தனித்தனி எண்டா வெளிப்பக்கம் சரியாதோ?"

"கல்லுக்குக் கல் இரும்பு ஆப்பு வச்சிருக்காங்க. அதோட ஓரத்து வளைவெல்லாம் கொஞ்சம் உள்பக்கமா சாஞ்சு நிக்கும். பாலம் நடுவுல ஒடுங்கி இருக்கு பாருங்க."

"உந்த ரெண்டு பக்கத்து ஓட்டையள்?"

"சின்ன வளைவு, பக்கத்துக்கு ரெண்டு. பாரம் குறையும், வெள்ளம் வந்தா அது வழியாவும் போயிடும்."

"கெட்டிக்காரன்" என்றார். "விழவே இல்லையோ?"

"ஓரத்து வளைவுகள் சிலது இடையில எப்பவோ விழுந்திருக்கு. தனித்தனியா இருந்ததால மத்தது நின்னுது. விழுந்ததைப் பிறகு கட்டிச் சேத்திருக்காங்க."

வெகுநேரம் படத்தையே பார்த்தார். காரியம் முடிந்தது என்று நான் மலரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் படத்தை மேசையில் வைத்தார்.

"பாலம் நல்ல பாலம்தான். பாலத்துக்கோ பிள்ளையைக் குடுக்கிறது?"

அவர் மலர் பக்கம் திரும்பினார்.

"மலர், நான் ஊரைக் கேட்டது சும்மா ஒரு கதைக்கு. மண்டபத்துக்காரனுக்குத் தெரியும், சமையல்காரனுக்குத் தெரியும். எனக்குக் கடைசியாத்தானே சொன்னனீங்கள். அப்ப நான் வெளியாள். வெளியாள் வந்து தாரை வார்க்கிற வழக்கம் எங்கட ஆக்களிட்ட இல்லை."

மலரின் முகம் சிவந்துவிட்டது. தாரணி, "பெரியப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்து, சாரத்தை அவிழ்த்து, கடைசியில் ஒரு மனிதரின் வலியை எல்லோர் முன்னாலும் வெளியே இழுத்துப் போட்டதுதான் மிச்சம் என்று வருத்தமாக இருந்தது.

சங்கடத்தைத் தீர்க்க ராணி அக்காவுக்குத் தெரிந்த வழி சாப்பாடு. உள்ளே போய் ஒரு பெரிய தட்டு நிறையப் பேரிக்காய் நறுக்கிக்கொண்டு வந்தார். "பெயர்ஸ். நல்ல இனிப்பு, எடுங்கோ" என்று முதலில் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

வெய் தட்டைப் பார்த்தான். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "காணும்" என்றான். தாரணியும் எடுக்கவில்லை. ராணி அக்கா மறுபடி நீட்ட, அவன் மறுபடி தலையை அசைத்தான்.

பரமண்ணையின் குரல் இறுகியது. "ஏன், எங்கட வீட்டுப் பழம் நஞ்சோ?"

"ஐயோ இல்லை பெரியப்பா" என்றாள் தாரணி. அவள் பாதி ஆங்கிலத்தில் சொன்னதை நான் இங்கே முழுக்கத் தமிழில் தருகிறேன். "இவருடைய அப்பா பேரிக்காய்த் தோட்டக்காரர். அந்த ஊரே பேரிக்காய் ஊர். ஆனால் வீட்டில் ஒரு பழத்தை வெட்டிப் பங்கு போட மாட்டார்கள். அவர்கள் பாஷையில் பேரிக்காயைப் பங்கு போடுவதும் பிரிந்து போவதும் ஒரே சத்தம்."

வெய் அதைச் சொல்லிக் காட்டினான். "ஃபென் லி" என்றான். பழத்தைக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் விலக்கிக் காட்டி மறுபடி "ஃபென் லி" என்றான். சாறத்தில் இப்போதுதான் அடிபட்டிருந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப ஒருத்தரோடயும் பங்கிட்டுச் சாப்பிடமாட்டினமோ?" என்று கேட்டார் பரமண்ணை.

தாரணி வெய்யிடம் கேட்டாள். அவன் பதில் சொன்னான், அவரைப் பார்த்தே சொன்னான். தாரணி அதைப் பெரியப்பாவிடம் திருப்பிச் சொன்னாள்.

"வெளியாக்களோட எண்டா சாப்பிடுவாராம். சொந்தத்தோடதான் ஏலாதாம்."

பரமண்ணை கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையின் நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த தாரணியின் தலையில் கையை வைத்தார். பிறகு மலரிடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம் எத்தினை மணிக்கு?"

"பத்தரைக்கு அத்தான்" என்றாள் மலர்.

அவர் மனைவியின் கையிலிருந்து தட்டை வாங்கினார். வெய்யைத் தாண்டி, தாரணியைத் தாண்டி, மலரையும் தாண்டி மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, நீங்கள் சாப்பிடுங்கோ. இஞ்ச வெளியாள் நீங்கள் ஒராள்தானே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தட்டை நான் ஒருத்தியாகவே தின்று தீர்த்தேன்.